பதினேழுக்கு மேல்

நெல் கொள்முதல் நிலையத்தில் என் வேலை
ஈரம் பார்ப்பது.
ஒரு கைப்பிடியைக் கருவிக்குள் போட்டு மூடினால்
எண் சொல்லும்.
பதினேழுக்கு மேல் போனால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்பேன்.
தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறுவார்கள்.
என்னைத் திட்டுவார்கள். நியாயந்தான்.

திருச்சியில் முதலில் பார்த்தவர்
என்னையும் அப்படித்தான் அளந்தார்.
கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்,
சில நாளா, பாதி நாளுக்கு மேலா.
கூட்டிப் பார்த்துப் பத்தொன்பது என்றார்.
வீட்டாரிடமிருந்து விலகி இருங்கள்,
எல்லைக்கோடு போடுங்கள் என்றார்.
ஒரு வரப்பை மாற்றிக் கட்டினால்
எத்தனை பேர் மண்வெட்டியோடு வருவார்கள் என்று
அவருக்குத் தெரியாது.
சீட்டில் பழைய பெயர், பக்கத்தில் 'பெ'.
வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்கள்.
மூன்றாம் தடவைதான் எழுந்தேன்.
"தங்கச்சிக்குப் பார்க்க வந்தீங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

படபடப்பு வருவது
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
பஸ் நிற்கும். சரக்கு வண்டி முன்னும் பின்னும் போகும்.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் ஜன்னலைத் தட்டுவாள்.
இறுக்கிக் கட்டிய துணிக்குள் மூச்சு
இடம் தேடும்.

மன்னார்குடியில் மருந்துக்கடை மாடியில்
நூருன்னிஸா மேடம், கூத்தாநல்லூர்க்காரர்.
முதல் நாள் "வாங்கம்மா" என்றுவிட்டார்.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
"மன்னிச்சுக்குங்க செழியன். வாங்க."
அவ்வளவுதான்.
ஐந்து நிமிடம் வருத்தப்பட்டு
என்னை அவருக்கு ஆறுதல் சொல்ல வைக்கவில்லை.

கேள்வித்தாள் அவரிடமும் இருந்தது.
கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:
"இதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு?"
யோசித்தேன்.
மனசு சேறாக் கெடக்கு என்பாள் அம்மா.
அப்படியே எழுதிக்கொண்டார்.
"நடவுக்கு முந்தின சேறா?
அறுப்புல மழை பெஞ்ச சேறா?"

ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு அது.
ரெண்டாவது, என்றேன்.
கதிர் சாய்ந்து, கிடந்த இடத்திலேயே முளைவிட்டது.

அப்பா சாவைப் பற்றி எல்லாரும் கேட்டது
என்ன வியாதி என்று.
மேடம் கேட்டது:
"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

பந்தக்காலுக்கும் ஐஸ்பெட்டி வயருக்கும் நடுவில்.
கட்டிப்பிடித்து அழும் பெண்கள் வட்டத்தில்
எனக்கு இடமில்லை.
பாடை கட்டிய ஆண்கள்
"நீ ஒதுங்கு" என்றார்கள்.
கொள்ளிக்குடம் பெரியப்பா மகன் சுதாகரன் தோளில்.
மூன்று சுற்று, மூன்று ஓட்டை என்று
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.
நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

இதைச் சொல்லி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.
மாத்திரையும் உண்டு, ராத்திரிக்கு ஒன்று.
அதன் பங்கை நான் மறைக்க மாட்டேன்.
சாமி கும்பிடுங்கள் என்றோ
சடங்கெல்லாம் எதற்கு என்றோ மேடம் சொல்லவில்லை.
"உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்கு?"
கேட்டுவிட்டு, சத்தம் போட்ட மின்விசிறியைக் குறைத்தார்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை வரச்சொன்னார்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.
இரண்டு வருடமாக என்னை
'ஏ' என்றும் 'இந்தா' என்றும் கூப்பிட்டு வருபவள்.
அன்றும் பெயர் வாயில் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்
பெண்கள் பக்கம் போகாமல்
என் அருகில் உட்கார்ந்தாள்.
கேட் மூடியிருந்தது.
வெளியே பார்த்தபடி சொன்னாள்:
"சித்திரையில தெவசம். ஆத்துல தண்ணி இருக்காது.
நம்ம போர்செட்டுலதான் முழுகணும்.
சுதாகரன் வரட்டும், வேடிக்கை பாக்க.
ஒனக்கு வேட்டி
எட்டு முழம் வேணுமா, நாலு போதுமா?"

சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தெட்டில் கணக்கு விட்டுப்போயிற்று.
எட்டே வாங்கு, என்றேன்.
வெள்ளரிப்பிஞ்சுக்காரி தட்டினாள்.
அம்மா இருபது ரூபாய்க்கு வாங்கினாள்,
உப்பு கொஞ்சம் தூக்கலாக.